தோணியப்பர் சொல்லும் பாடம்!

ஐப்பசி பிறந்துவிட்டால் நம் வீடுகளில் வேலைக்குக் குறைவே இருக்காது. துலா ஸ்நானம், தீபாவளி, கந்த சஷ்டி, அதன் பிறகு கார்த்திகை தீபம் என்று வரிசையாக விசேஷங்கள். முறுக்குக்கு மாவு அரைப்பதா, விளக்குகளைப் புளி போட்டுத் தேய்ப்பதா என்று பம்பரமாகச் சுழலுவோம்.

அதே ஐப்பசியில்தான் வடகிழக்குப் பருவமழையும் வாசலில் வந்து நிற்கிறது. பெரும்பாலான வருடங்களில் அது ஏரி குளங்களை நிரப்பி நம்மை வாழ வைக்கிற மழை. சில வருடங்களில் மட்டும் வாசலில் நிற்காமல் வீட்டுக்குள்ளேயே நுழைந்துவிடுகிறது. 2015-ல் சென்னைப் பெருவெள்ளம், 2018-ல் டெல்டாவைப் புரட்டிப் போட்ட கஜா புயல், 2023 டிசம்பரில் தூத்துக்குடியும் திருநெல்வேலியும் மூழ்கிய மழை... எதையும் நாம் மறந்துவிடவில்லை.

பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பே தயாராகும் நாம், ஆபத்துக்குத் தயாராகிறோமா? யாராவது பேச்செடுத்தால், 'நல்ல நாளும் அதுவுமாக என்ன பேச்சு இது!' என்று வாயை அடைக்கிறோம். இல்லையென்றால், 'எல்லாம் பகவான் பார்த்துக்கொள்வார்' என்று முடித்துவிடுகிறோம்.

பகவான் பார்த்துக்கொள்வார் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால், அவர் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்? அதைத் தெரிந்துகொள்ள, வாருங்கள்... சீர்காழிக்குப் போவோம்.

தோணியில் ஏறிய அம்மையப்பர்

மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிறது சீர்காழி. ஒரே ஆலயத்தில் மூன்று நிலைகளில் ஈசனைத் தரிசிக்கலாம். கீழே லிங்கத் திருமேனியராக பிரம்மபுரீஸ்வரர். கட்டுமலையில் பெரியநாயகியுடன் தோணியப்பர். உச்சியில் சட்டைநாதர். பிரம்ம தீர்த்தக் கரையில் பசித்து அழுத ஞானசம்பந்தக் குழந்தைக்கு ஞானப்பால் கிடைத்த தலமும் இதுதான்.

தோணியப்பர் என்ற திருநாமம் எப்படி வந்தது? ஊழிக் காலத்தில் ஏழு கடல்களும் பொங்கி உலகையே மூழ்கடித்தபோது, ஈசன் அறுபத்து நான்கு கலைகளையும் ஆடையாக உடுத்திக்கொண்டு, பிரணவத்தையே தோணியாக்கி, அம்பிகையோடு அதில் எழுந்தருளினாராம். எங்கும் நீராக இருந்த அந்தப் பிரளயத்தில் மூழ்காமல் நின்ற இடத்தில் தோணி வந்து தங்கியது. அதனால்தான் இவ்வூருக்கு உள்ள பன்னிரண்டு பெயர்களில் தோணிபுரம் என்பதும் ஒன்று.

கதையைக் கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிடாதீர்கள். ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள். ஆக்கலும் அழித்தலும் யார் கையில் இருக்கின்றனவோ, அவருக்குத் தோணி எதற்கு? நினைத்த மாத்திரத்தில் வெள்ளத்தை வற்றச் செய்ய முடியாதவரா அவர்? ஆனாலும் தோணி கட்டினார். காப்பாற்ற வேண்டியவை எவை என்று தேர்ந்தெடுத்து, அவற்றைக் கையோடு எடுத்துக்கொண்டார்.

தண்ணீர் வரும்போது தோணி வேண்டும். அதில் எதை ஏற்றுவது என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். தோணியப்பர் நமக்குச் சொல்லாமல் சொல்லும் பாடம் இது.

இந்தப் பாடம் சீர்காழிக்காரர்களுக்கு வெறும் புராணமாக நின்றுவிடவில்லை. 2022 நவம்பரில் ஒரே நாளில் சுமார் 44 செ.மீ. மழை கொட்டித் தீர்த்து, ஊரும் வயலும் வெள்ளக்காடானதை அவர்கள் கண்ணால் பார்த்தவர்கள்.

பெருமாள் ஒப்படைத்தது எதை?

தோணியப்பர் சந்நிதிப் படியில் ஒருமுறை, சென்னையிலிருந்து வந்திருந்த மாமி ஒருவரைச் சந்தித்தேன். எழுபது வயதிருக்கும். வருடம் தவறாமல் கார்த்திகையில் இங்கே வந்துவிடுவாராம். "வைஷ்ணவாள் ஆச்சே, இவ்வளவு தூரம் சிவன் கோயிலுக்கா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார்.

2015 டிசம்பர் 1 இரவு. அடையாற்றங்கரையை ஒட்டிய பகுதியில், தரைத்தளத்து வீடு. கண்மூடித் திறப்பதற்குள் முழங்கால் அளவு தண்ணீர். மாமி பூஜையறைக்கு ஓடினார். சாளக்கிராமப் பெட்டியையும் பெருமாள் படத்தையும் மார்போடு அணைத்துக்கொண்டார். கணவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு மாடி வீட்டுக்கு ஏறிவிட்டார்.

"மேலே போய் மூச்சு விட்டதும், பெருமாளைக் காப்பாத்திட்டேன்னு எனக்கு அவ்வளவு சந்தோஷம். விடிஞ்சு பார்த்தப்பதான் வயித்தைப் பிசைஞ்சுது. அவருக்கு தினம் ரெண்டு வேளை இன்சுலின் போடணும். மருந்து கீழே ஃபிரிட்ஜுல. ஃபிரிட்ஜே தண்ணியில மிதந்துண்டிருந்தது. போன் வேலை செய்யலை. பையன் நம்பரும் டாக்டர் நம்பரும் போனுக்குள்ளதான் இருக்கு, மனப்பாடமாத் தெரியாது. மறுநாள் மத்தியானம் அவருக்கு நாக்கு வறண்டு, பேச்சு குழற ஆரம்பிச்சுடுத்து."

அன்று சென்னையின் கடலோரக் குப்பங்களிலிருந்து மீனவர்கள் தங்கள் படகுகளை ஊருக்குள் கொண்டுவந்து ஜனங்களை மீட்டது நமக்கெல்லாம் தெரியும். அப்படி ஒரு படகு மாமியின் தெருவுக்கும் வந்தது. அவரைப் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பத்து நாள் போராட்டம். பிழைத்துக்கொண்டார்.

"படகோட்டிண்டு வந்த அந்தத் தம்பி பேர்கூடக் கேட்கலை. தோணியில வந்தவர் வேற யாரா இருக்க முடியும்? அதான் வருஷா வருஷம் இங்கே வரேன்" என்றவர், சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "பெருமாளை நான் காப்பாத்தினதா நினைச்சேன். அவர் என்கிட்ட ஒப்படைச்சிருந்தது இவரையல்லவோ!"

அந்த வார்த்தையை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

அன்பு வாசகர்களே... உங்கள் வீட்டில் இறைவன் உங்களிடம் ஒப்படைத்திருப்பது யார் யாரை? படுக்கையில் இருக்கும் மாமியாரா, பால் குடிக்கும் பேரக் குழந்தையா, தொழுவத்துப் பசுவா? ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள். அவர்களுக்காகச் செய்கிற முன்னேற்பாடு நம்பிக்கைக் குறைவால் செய்வதல்ல. நம்மை நம்பி ஒப்படைத்தவனுக்கு நாம் செய்யும் கைங்கர்யம் அது.

கும்பத்துக்குள் என்ன இருந்தது?

சீர்காழியில் தோணி என்றால், கும்பகோணத்தில் குடம்!

பிரளயம் வரப் போகிறது என்று அறிந்த பிரம்மதேவர், 'எல்லாம் அழிந்த பிறகு நான் எதைக் கொண்டு படைப்பேன்?' என்று ஈசனிடம் முறையிட்டார். அவர் கட்டளைப்படி ஒரு கும்பத்தில் அமுதத்தையும் படைப்புக்கான விதைகளையும் இட்டு, மாவிலை, தேங்காய், பூணூலால் அலங்கரித்து மேரு மலையின் உச்சியில் வைத்தார். வெள்ளத்தில் மிதந்து வந்த கும்பம் காவிரிக் கரையில் தங்கியது. வேடனாக வந்த ஈசன் பாணத்தால் அதை உடைக்க, அமுதம் பரவியது. அங்கே மீண்டும் படைப்பு தொடங்கியது. பாணம் எய்த இடத்தில் பாணபுரீஸ்வரர், தேங்காய் விழுந்த இடத்தில் அபிமுகேஸ்வரர், பூணூல் விழுந்த இடத்தில் கௌதமேஸ்வரர், நடுநாயகமாக ஆதி கும்பேஸ்வரர் என்று இன்றும் தரிசிக்கிறோம்.

பிரம்மதேவர் கும்பத்தை எப்போது வைத்தார்? வெள்ளம் வந்த பிறகா? வருவதற்கு முன்! எங்கே வைத்தார்? தாழ்வான இடத்திலா? மேருவின் உச்சியில்! என்ன வைத்தார்? பொன்னும் மணியுமா? உயிர் வாழ அமுதம், மறுபடி தொடங்க விதை. இந்த மூன்றையும் அப்படியே நம் வீட்டுக்குப் பொருத்திப் பார்க்கலாம்.

அமுதம் என்றால் முதலில் தண்ணீர். வெள்ளத்தில் சுற்றிலும் நீர் இருக்கும், குடிக்க ஒரு சொட்டு இருக்காது. குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று வையுங்கள். நான்கு பேர் இருக்கும் வீட்டுக்கு மூன்று நாளைக்கு 48 லிட்டர். இரண்டு 20 லிட்டர் கேன், ஒரு குடம்... அவ்வளவுதான். அடுத்து, அடுப்பு இல்லாமல் சாப்பிடக்கூடியவை. குசேலர் துணியில் முடிந்துகொண்டு போன அவல் இருக்கிறதே, அதைவிடச் சிறந்தது உண்டா? அவல், பொரிகடலை, வெல்லம், பிஸ்கட், பேரீச்சை... கைக்குழந்தை இருந்தால் அதற்கான பால் பவுடர். டார்ச் லைட், அதற்குரிய பேட்டரி, பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோ, செல்போனுக்கு பவர் பேங்க், கொஞ்சம் சில்லறையும் ரொக்கமும். மின்சாரம் போனால் ஏ.டி.எம்.மும் போய்விடும்.

மருந்துதான் மிக முக்கியம். அன்றாடம் சாப்பிடும் மாத்திரைகள் குறைந்தது ஒரு வாரத்துக்காவது கைவசம் உபரியாக இருக்கட்டும். இன்சுலின் போடுபவர்கள், ஃபிரிட்ஜ் ஓடாவிட்டால் எப்படிப் பாதுகாப்பது என்பதை மருத்துவரிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

விதை என்றால் எது? வெள்ளம் வடிந்த மறுநாள் வாழ்க்கையை மறுபடி தொடங்கத் தேவையானவை. ரேஷன் கார்டு, ஆதார், வீட்டுப் பத்திரம், பட்டா, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் படிப்புச் சான்றிதழ், வைத்தியச் சீட்டுகள். இவற்றை பீரோவின் அடித்தட்டில் வைப்பதுதான் நம் வழக்கம். தண்ணீர் முதலில் நுழைவதும் அங்கேதான். தண்ணீர் புகாத கவரில் போட்டு, ஒரு மஞ்சள் பையில் வைத்து, மேல் தட்டுக்கு மாற்றுங்கள். பிள்ளைகள், மருத்துவர், பக்கத்து வீட்டார் எண்களை ஒரு அட்டையில் பேனாவால் எழுதி உள்ளே வையுங்கள். மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, ஆம்புலன்ஸ் 108 ஆகிய எண்களும் அதில் இருக்கட்டும்.

2023 ஏப்ரலில் இதே சீர்காழிக் கோயிலில், குடமுழுக்கு யாகசாலைக்காகப் பள்ளம் தோண்டியபோது இருபதுக்கும் மேற்பட்ட ஐம்பொன் திருமேனிகளும், நானூறுக்கும் மேற்பட்ட தேவாரச் செப்பேடுகளும் வெளிப்பட்டன. எழுத்தைச் செம்பில் பொறித்து மண்ணுக்கடியில் பத்திரப்படுத்தியவர்களின் சந்ததி நாம். நம் வீட்டுப் பத்திரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் கவர் போடக்கூடாதா?

கலசத்தில் வரகு

கோபுர கலசங்களுக்குள் வரகு முதலான தானியங்களை நிரப்பி வைப்பது நீங்கள் அறிந்ததே. பெருவெள்ளம் வந்து ஊரே அழிந்தாலும் விதைக்குத் தானியம் வேண்டுமே என்றுதான் உயரத்தில் வைத்தார்கள் எனப் பெரியவர்கள் சொல்வார்கள். இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கும்பாபிஷேகத்தின்போது பழைய தானியத்தை எடுத்துவிட்டுப் புதியதை நிரப்புகிறோம். வைத்ததோடு கடமை முடிவதில்லை. மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

வீட்டுக் கலசத்துக்குப் பன்னிரண்டு ஆண்டு தாங்காது. அமாவாசைதோறும் ஒருமுறை அந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பழைய அவலை எடுத்து உப்புமா செய்துவிட்டுப் புதியதை வையுங்கள். மாத்திரையின் தேதி, பேட்டரி, தண்ணீர் எல்லாவற்றையும் பார்த்து மாற்றுங்கள். கால் மணி நேர வேலைதான்.

'எங்களுக்கு மாதக் கடைசியே தள்ளாட்டம். எங்கிருந்து உபரி?' என்று சிலர் கேட்கலாம். காஞ்சி மகாபெரியவர் சொன்ன பிடி அரிசித் திட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தினமும் உலை வைக்கும்முன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து, தர்ம காரியத்துக்காகச் சேர்ப்பது. அந்தப் பிடியோடு இன்னொரு பிடி, வீட்டுக்காக. ஒரே நாளில் மூட்டை வாங்க வேண்டியதில்லை.

2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவிப்பு வந்ததும் கடைகளில் எப்படி முண்டியடித்தோம் என்று நினைத்துப் பாருங்கள். தேவைக்கு மேல் அள்ளிச் சென்றவர்கள் உண்டு. வெறுங்கையோடு திரும்பிய கூலித் தொழிலாளியும் உண்டு. நல்ல நாளில் பிடி பிடியாகச் சேர்ப்பது சேமிப்பு. ஆபத்து நாளில் அடுத்தவர் பங்கையும் அள்ளுவது பதுக்கல். முன்கூட்டியே சேமித்தவருக்குப் பதுக்க வேண்டிய அவசியமே வராது.

அரங்கனே வெளியேறினான்

'பூர்வீக வீடு, சாமி இருக்கும் வீடு. விட்டுவிட்டு எப்படி வருவது?' என்று முகாமுக்குப் போக மறுக்கும் முதியவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஸ்ரீரங்கத்துக் கதையைச் சொல்லுங்கள்.

1323-ல் படையெடுப்பு வந்தபோது, மூலவருக்கு முன்னே கல்சுவர் எழுப்பி மறைத்துவிட்டு, உற்சவர் நம்பெருமாளைப் பல்லக்கில் எழுந்தருளப் பண்ணிக்கொண்டு புறப்பட்டார் பிள்ளை லோகாசாரியர். தள்ளாத வயது அவருக்கு. வழியில் மதுரை அருகே ஜ்யோதிஷ்குடியில் அவர் திருநாட்டை அடைந்தார். நம்பெருமாளோ மலையாள தேசம், மேல்கோட்டை, திருமலை என்று பல இடங்களில் தங்கி, 1371-ல்தான் திருவரங்கம் திரும்பினார். பூலோக வைகுண்டம் என்று போற்றப்படும் வீட்டை அரங்கனே விட்டுப் புறப்பட்டான். புறப்பட்டதால்தான் திரும்பி வந்தான்.

ஆகவே, 'வெளியேறுங்கள்' என்று அதிகாரிகள் சொன்னால் பெருமாளுக்குக் கற்பூரம் காட்டி உத்தரவு வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். பூஜையறை விளக்கை மலையேற்றிவிட்டுச் செல்லுங்கள். யாரும் இல்லாத வீட்டில் விளக்கு எரியக்கூடாது. மெயின் சுவிட்சை அணையுங்கள், காஸ் சிலிண்டரை மூடுங்கள். மாடுகளின் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். கட்டிப்போட்ட மாடு நீந்த முடியாமல் மூழ்கிவிடும். கண்ணன் கோவர்த்தன மலையைக் குடையாகப் பிடித்தபோது கோபர்களை மட்டுமா கூப்பிட்டான்? பசுவையும் கன்றையும் சேர்த்தல்லவா உள்ளே அழைத்தான்!

படிக்காசு கொடுத்தார், பந்தி போட்டது யார்?

நம் வீடு தயார். அடுத்த வீடு? அதற்கு ஒரு தலம் இருக்கிறது. பூந்தோட்டம் அருகே உள்ள திருவீழிமிழலை.

கடும் பஞ்சம் வந்த காலம். அப்பர் பெருமானும் ஞானசம்பந்தரும் அங்கே தங்கியிருந்தார்கள். அடியார்கள் பசியால் வாடக்கூடாது என்று ஈசன் தினமும் ஆளுக்கொரு பொற்காசை பீடத்தில் வைத்தருளினார். இருவர் மடத்திலும் அன்னம் பாலிக்கப்பட்டது. ஞானசம்பந்தருக்குக் கிடைத்த காசில் மட்டும் வாசி இருந்ததால், அதை மாற்றிப் பொருள் வாங்கி வருவதற்குள் நேரமாகிவிட்டது. அவர் மடத்தில் அடியார்கள் உண்ணத் தாமதமானது. 'ஏன் தாமதம்?' என்று விசாரித்து அறிந்தவர் பதிகம் பாட, நல்ல காசு கிடைத்தது.

ஈசன் கொடுத்தது காசு. சோறாகக் கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை. கடைவீதிக்கு நடந்தவர்கள், உலை வைத்தவர்கள், இலை போட்டவர்கள் எல்லாம் மனிதர்கள். அருள் என்பது காசு மாதிரி. அதைச் சோறாக்கிப் பசித்தவன் இலையில் போடும் வேலையை அவர் நமக்கு விட்டு வைத்திருக்கிறார். அதிலும் காலதாமதம் கூடாது என்பதையும் சேர்த்தே உணர்த்துகிறார்.

அந்தக் காலத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை பெய்தது. நவதிருப்பதிகளில் முதலாவதான ஸ்ரீவைகுண்டத்தில், திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. சுற்றிலும் தண்ணீர். பக்கத்துக் கிராமத்து ஜனங்கள் தங்கள் வீட்டு அரிசியையும் பருப்பையும் கொண்டுவந்து சமைத்து, முகம் தெரியாத அந்தப் பயணிகளுக்குப் பரிமாறினார்கள். வெள்ளத்தால் அவர்களும் பாதிக்கப்பட்டவர்கள்தான். ஆனாலும் பானையில் இரண்டு படி அரிசி இருந்தது. இருந்ததால் கொடுக்க முடிந்தது!

ஐப்பசி முதல் நாள் சங்கல்பம்

ஐப்பசி முதல் நாள் காலையில் நீராடி, விளக்கேற்றி, குடும்பத்தோடு பூஜையறையில் உட்காருங்கள். வழக்கமான பூஜை முடிந்ததும், மூன்று கேள்விகளை உரக்கக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்றிரவு தண்ணீர் வந்தால், யார் யாரைக் கைப்பிடித்து அழைத்துப் போவது? ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பு. பாட்டியின் மருந்துப் பெட்டி பேரனுடையது, மஞ்சள் பை மருமகளுடையது என்று பிரித்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் பயப்பட மாட்டார்கள். பொறுப்பு கொடுத்தால் பெருமைப்படுவார்கள்.

எங்கே போவது? மாடியா, மேட்டுத் தெருவில் உள்ள உறவினர் வீடா, பள்ளிக்கூடமா? ஆளுக்கொரு பக்கம் பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது? ஊர்க் கோயில் கோபுர வாசல் என்று ஒரு அடையாளம் வைத்துக்கொள்ளலாம்.

நம் தெருவில் தனியாக இருப்பவர் யார்? பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் முதியவர், நடக்க முடியாதவர், நிறைமாத கர்ப்பிணி... அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுவது யார் பொறுப்பு?

இந்த மூன்றுக்கும் விடை கிடைத்ததும், தோணியப்பரை மனதில் நினைத்து ஒரு தீபாராதனை காட்டுங்கள். அன்றைய பூஜை பூர்த்தியாயிற்று.

சீர்காழியில் சந்தித்த மாமியிடம் விடைபெறும்போது, "இப்போ வீட்டுல மருந்தை எங்கே வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். "பெருமாள் திருவடியில, சாளக்கிராமப் பெட்டிக்குப் பக்கத்துலயே ஒரு டப்பா. ஐஸ் பை, டாக்டர் சீட்டு, பையன் நம்பர் எல்லாம் அதுல இருக்கு. மருந்தை ஃபிரிட்ஜுலேர்ந்து எடுத்து அதுல போட்டுக்க வேண்டியதுதான் பாக்கி. இனிமே ஓடினா ரெண்டையும் சேர்த்து எடுத்துண்டு ஓடுவேன்" என்றார்.

அப்போது மழை தூற ஆரம்பித்திருந்தது. தூரத்தில் படிக்கட்டின் கீழே குடையை விரித்துக்கொண்டு காத்திருந்தார் அவர் கணவர்.

உங்கள் இல்லத்திலும் தோணி தயாராக இருக்கட்டும். அதில் ஏற வேண்டிய அவசியமே வராமல் அம்மையப்பர் காத்தருளட்டும்!